ட்ரோலிங் மோட்டாரை போட்ல எங்க மாட்டுறது? டிரில்லை கையில எடுக்குறதுக்கு முன்னாடி படிங்க

ட்ரோலிங் மோட்டார், அதாவது மீன் பிடிக்கும்போது போட்டை மெதுவா நகத்துற சின்ன பேட்டரி மோட்டார், வாங்கப் போறவங்க முக்கால்வாசிப் பேர் முதல்ல பாக்குறது எத்தனை பவுண்டு த்ரஸ்ட் (தள்ளுற பலம்), என்ன விலை, ரிமோட் இருக்கா இல்லையாங்கறதைத்தான். எங்க மாட்டப்போறோம்ங்கற கேள்வி பெட்டி வீட்டுக்கு வந்து பிரிச்சப்புறம்தான் வருது. ஆனா முன்னாடி மாட்டுற மோட்டாரும் பின்னாடி மாட்டுற மோட்டாரும் வேற வேற சாமான், ப்ராக்கெட் வேற, ஷாஃப்ட் (ப்ரொப்பெல்லரைத் தண்ணிக்குள்ள இறக்குற தண்டு) நீளம் வேற, கையால திருப்புறதா காலால திருப்புறதாங்கறதும் வேற, அதனால முதல்ல இடம், அப்புறம் மோட்டார், அதுக்கப்புறம்தான் கார்டு தேய்க்கிறது.

இதை நான் எழுதுறது டல்லாஸ் பக்கம் லூயிஸ்வில், ரே ராபர்ட்ஸ், லேக் ஃபோர்க்னு ஏரி ஏரியா சுத்துற நம்ம ஆளுங்களுக்காக, அதுலயும் 14 அடி, 16 அடி அலுமினிய போட்டை யார்கிட்டயாவது செகண்ட் ஹேண்ட்ல வாங்கி வச்சுக்கிட்டு "இதுல எங்கடா மாட்டுறது"ன்னு முழிக்கிறவங்களுக்காக. புது பாஸ் போட் வாங்குனவங்களுக்கு டீலரே முன்னாடி மாட்டிக் குடுத்துடுவான், உங்களுக்கு இது தேவைப்படாது, இருந்தாலும் பேட்டரி வயர் பத்தி கீழ எழுதிருக்கேன், அதை மட்டும் பாத்துட்டுப் போங்க.

முதல் கேள்வி ஒண்ணுதான். நீங்க போட்ல எங்க உக்காந்து மீன் பிடிக்கிறீங்க? முன்னாடி நின்னு கரையோரமா, மரக்கட்டை ஓரமா தூண்டில் வீசிக்கிட்டே போறவரா, இல்ல பின்னாடி அவுட்போர்டு (போட்டுக்குப் பின்னாடி தொங்குற பெட்ரோல் எஞ்சின்) பக்கத்துல உக்காந்துக்கிட்டு மெதுவா இழுத்துக்கிட்டே போறவரா? மோட்டார் உங்க கைக்கோ காலுக்கோ எட்டுற இடத்துலதான் இருக்கணும், மீன் கடிக்கிற நேரத்துல எழுந்து போட்டோட அந்தக் கோடிக்கு ஓடுறதெல்லாம் நடக்காது. ரிமோட் இருந்தா எங்க வேணா உக்காரலாமேன்னு கேப்பீங்க, சரிதான், ஆனா செடி சுத்திக்கிட்டா யாராவது அங்க போய்த்தான் தூக்கணும்.

அடுத்தது காத்து. டெக்சஸ்ல மீன் பிடிக்கிறவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், வசந்த காலத்துல தெக்கத்திக் காத்து ஆரம்பிச்சா லூயிஸ்வில் மாதிரி திறந்த ஏரில மதியத்துக்கு மேல நிக்க விடாது. போட்டோட முன்பக்கம் லேசாவும் தண்ணிக்கு மேல உயரமாவும் இருக்கும், காத்து பிடிக்கிறது அங்கதான். மோட்டார் பின்னாடி இருந்தா நீங்க பின்னாடியிருந்து தள்ளுறீங்க, முன்பக்கத்தை காத்து ஒரு பக்கம் கொண்டு போகுது, நீங்க திருப்பி சரி பண்றீங்க, அது அந்தப் பக்கம் போகுது, மறுபடி திருப்புறீங்க, இப்படியே பாம்பு மாதிரி நெளிஞ்சுக்கிட்டு போகும். முன்னாடி மாட்டினா மோட்டாரே முன்பக்கத்தைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகுது, மீதி போட் பின்னாடியே வந்துடும். மெதுவான வேகத்துல, அதாவது ஒரு மைல் ரெண்டு மைல் ஸ்பீடுல, இந்த வித்தியாசம் ரொம்பத் தெரியும். அதனால காத்துல துல்லியமா போட்டை நிறுத்தி மீன் பிடிக்கணும்னா முன்னாடிதான், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

ஸ்பாட்-லாக் மாதிரி ஜிபிஎஸ் ஆங்கர் இருக்குற மோட்டார்னா இன்னும் தெளிவு. ஐ-35ஈ பாலத்துக்குக் கீழ தூண் ஓரமா க்ராப்பி மீனுக்கு நிக்கிறீங்கன்னு வைங்க, பட்டனை அமுக்குனா முன்பக்க மோட்டார் காத்தைப் பாத்து திரும்பிக்கிட்டு போட்டை அதே இடத்துல பிடிச்சு வச்சிருக்கும், அலை கூரான முன்பக்கத்துல மோதிப் பிரிஞ்சு போயிடும். இதையே பின்னாடியிருந்து பிடிச்சா போட்டோட பின்பக்கம் அலையைப் பாத்து நிக்கும், அங்க பலகை தட்டையா, உயரமும் கம்மியா இருக்கும், அவுட்போர்டு வேற தொங்குது, பெரிய போட் ஒண்ணு வேகமா கடந்து போனா அந்த அலை நேரா உள்ள வந்து விழும். நங்கூரத்தையும் எப்பவும் பின்னாடி கட்டாதீங்கன்னு சொல்றது இதனாலதான். சின்ன போட்ல இது உயிர் விஷயம்.

அப்போ எல்லாரும் முன்னாடியே மாட்டிடலாமா? இல்ல. பின்பக்க மோட்டாருக்குன்னு ஒரு நியாயம் இருக்கு. முதல்ல காசு, கிளாம்ப் போட்டு முறுக்குற சாதாரண 12 வோல்ட் கை மோட்டார் முன்பக்க மோட்டாரோட விலைல சின்னப் பங்குக்கு வந்துடும். ஒரு ஓட்டை போட வேண்டாம், ரெண்டு திருகு, முடிஞ்சது. சாயங்காலம் கழட்டி கார் டிக்கில போட்டுட்டுப் போயிடலாம். அடுத்து, வாடகை போட், நண்பரோட போட், கனூ, இதுக்கெல்லாம் இதுதான் ஒத்து வரும். இன்னொண்ணு, லேக் ஃபோர்க் மாதிரி தண்ணிக்குள்ள மரம் அப்படியே நிக்கிற ஏரில முன்பக்க மோட்டார்தான் முதல்ல போய் கட்டைல இடிக்கும், பின்னாடி இருந்தா போட்டோட உடம்பு முதல்ல தடவிக்கிட்டுப் போகும், மோட்டாருக்கு அடி கம்மி. (எங்க மாட்டினாலும் ஒரு ஸ்பேர் ப்ராப் பின் (ப்ரொப்பெல்லரைப் பிடிச்சு வைக்கிற ஆணி), நட்டு, அதுக்கு ஒரு ஸ்பேனர் போட்லயே கிடக்கட்டும்.) இந்த கிளாம்ப் மோட்டாருக்கு நல்ல வயசும் இருக்கு, 1934-ல நார்த் டகோட்டாவுல ஃபார்கோ ஊர்ல ஓ.ஜி. ஷ்மிட்ங்கறவர் ஃபோர்டு மாடல் ஏ காரோட ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்து அதுல ஒரு ப்ரொப்பெல்லரை மாட்டினதுலருந்துதான் மின் கோட்டா கம்பெனியே ஆரம்பிச்சது.

பின்பக்க மோட்டாரை வச்சே காத்தை ஓரளவு ஏமாத்தலாம், பைசா செலவில்லாம. போட்டோட பின்னாடி அவுட்போர்டு, பெட்ரோல் டேங்க், பேட்டரி, நீங்க, உங்க கூலர்னு எல்லாம் குமிஞ்சு கிடந்தா முன்பக்கம் ஆகாசத்தைப் பாத்துக்கிட்டு இருக்கும், காத்துக்கு கொண்டாட்டம். பேட்டரியையும் கூலரையும் முன்னாடி நகத்துங்க, கூட வந்தவரை முன் சீட்ல உக்கார வைங்க, முன்பக்கம் இறங்கிடும், நெளியுறது பாதியா குறையும். இல்லேன்னா மின்னசோட்டா பக்கம் வால்ஐ மீன் பிடிக்கிறவங்க பண்ற மாதிரி போட்டை ரிவர்ஸ்லயே ஓட்டலாம், அதாவது பின்பக்கத்தை முன்னாடி வச்சு இழுத்துக்கிட்டுப் போறது. அமைதியான தண்ணில இது அருமையா வேலை செய்யும். அலை இருந்தா தண்ணி மடியில வந்து விழும், அங்க அதுக்குன்னே பின்னாடி ஸ்ப்ளாஷ் கார்டு மாட்டிப்பாங்க.

இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். உங்களது ஜான் போட்டா, அதாவது முன்பக்கமும் சதுரமா வெட்டின மாதிரி இருக்குற தட்டை போட்டா? அப்ப அதே விலை கம்மியான கிளாம்ப் மோட்டாரை முன்பக்கத்துல மாட்டலாம். நிறைய மாடல்ல மேல இருக்குற கண்ட்ரோல் தலையை ஒரு ஸ்க்ரூவைக் கழட்டி 180 டிகிரி திருப்பி வச்சுக்கலாம், அப்பதான் ஹேண்டில் உங்க பக்கம் பாத்து இருக்கும்போது மோட்டார் போட்டை முன்னாடி இழுக்கும், மேனுவல்லயே போட்டிருப்பான். முன் விளிம்புல தகரம் மெல்லிசா இருந்தா கிளாம்ப் பிடிக்க ரெண்டு பக்கமும் ஒரு கட்டை வேணும். முன் சீட்ல உக்காந்து ஒரு கையால ஹேண்டில், ஒரு கையால தூண்டில். இதை ரெண்டு மூணு வாரம் முன்னாடியும் பின்னாடியும் மாத்தி மாத்தி மாட்டிப் பாருங்க, உங்களுக்கு எது சரிப்படும்னு உங்க முதுகே சொல்லிடும், அதுக்கப்புறம் விலை ஜாஸ்தியான முன்பக்க மோட்டாருக்குப் போறதா வேண்டாமான்னு யோசிக்கலாம். கிளாம்ப் போட்டாலும் ஒரு கயித்தை மோட்டார்லயும் போட்லயும் சேத்துக் கட்டுங்க, திருகு லூசாகி ஏரிக்குள்ள போனா போனதுதான்.

பான்டூன் போட் வச்சிருக்குறவங்களுக்கு இன்னொரு இடம் உண்டு, அவுட்போர்டோட கீழ்ப்பகுதில, ப்ரொப்பெல்லருக்கு மேல இருக்குற தட்டையான ப்ளேட்லயே மாட்டுற எஞ்சின் மவுண்ட் மோட்டார். ஸ்டியரிங் வீல் திருப்பினா இதுவும் சேந்து திரும்பும். நேரா மெதுவா இழுத்துக்கிட்டுப் போறதுக்கு சுகம், ஒரு இடத்துல நிக்கிறதுக்கு உதவாது, அவ்வளவுதான்.

இடதா வலதா

முன்னாடின்னு முடிவு பண்ணிட்டீங்க, முன்னாடி எந்தப் பக்கம்? பொதுவா இடது பக்கம். ஸ்டியரிங் இருக்குற போட்ல ஓட்டுறவர் சீட் வலது பக்கம் இருக்கும், மோட்டாரை மடக்கி வச்சுட்டு வேகமா போகும்போது அதோட தலை வலது பக்கம் இருந்தா பார்வையை மறைக்கும், அதோட ஓட்டுறவர் எடை வலதுல, மோட்டார் எடை இடதுல இருந்தா போட் சமமா நிக்கும். ஆனா இடதுன்னா ஒரேடியா ஓரத்துக்குத் தள்ளிடாதீங்க. மோட்டாரைத் தண்ணில இறக்கினதும் அதோட ஷாஃப்ட் போட்டோட நடுக்கோட்டுக்கு எவ்வளவு பக்கத்துல இருக்கோ அவ்வளவு நல்லது, ஓரத்துல இருந்தா ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும்.

பின்பக்கம்னா கொஞ்சம் குழப்பம். டில்லர் அவுட்போர்டு (ஸ்டியரிங் இல்லாம எஞ்சின்லயே இருக்குற கைப்பிடியால திருப்புறது) ஓட்டுறவங்க பெரும்பாலும் வலது பக்கம் உக்காந்து இடது கையால ஓட்டுவாங்க. ட்ரோலிங் மோட்டாரை இடதுல போட்டா எடை சமமாகும், ஆனா அவுட்போர்டைத் தாண்டி கை நீட்டணும். வலதுல போட்டா கைக்கு எட்டும், போட் சாயும். நான் இடதுன்னுதான் சொல்லுவேன், அதுக்கு எடையை விட பெரிய காரணம் ஃபிஷ் ஃபைண்டர். அவுட்போர்டு ப்ரொப்பெல்லர் பின்னாடியிருந்து பாத்தா பெரும்பாலும் கடிகாரம் சுத்துற பக்கமா சுத்தும், அப்ப வலது பக்கத்துல இறக்கை கீழ்நோக்கிப் போகுது, அந்தப் பக்கம் நுரை கம்மின்னுதான் ட்ரான்ஸ்டூசரை (ஃபிஷ் ஃபைண்டரோட தண்ணிக்குள்ள இருக்குற சென்சார்) வலதுல ஒட்டச் சொல்றாங்க. ட்ரோலிங் மோட்டாரும் அங்கயே வந்தா அது கிளப்புற நுரைல ஸ்க்ரீன்ல மீனுக்குப் பதிலா பூச்சிதான் தெரியும். ப்ரொப்பெல்லருக்கும் ட்ரான்ஸ்டூசருக்கும் குறைஞ்சது 15 இன்ச் இடைவெளி விடுங்க.

ஷாஃப்ட் நீளம் அளக்குறது

இதை ட்ரைவ்வேல ட்ரெய்லர் மேல நிக்கும்போது அளக்காதீங்க, தண்ணில இறக்கி, வழக்கமா வர்ற ஆளுங்க வழக்கமான இடத்துல உக்காந்து, டேங்க், கூலர், பேட்டரி எல்லாம் ஏத்தின பிறகு அளங்க. ஒருத்தர் பின்னாடி போய் உக்காந்தாலே முன்பக்கம் ரெண்டு மூணு இன்ச் ஏறிடும். படகுத்துறைல நின்னுக்கிட்டு ஒருத்தர் டேப்பைப் பிடிக்கணும், மோட்டார் ப்ளேட் உக்காரப்போற இடத்துலருந்து தண்ணி மட்டம் வரைக்கும் நேர் கீழ. சாய்ச்சு அளந்தா ஜாஸ்தி காட்டும்.

ப்ரொப்பெல்லர் தண்ணிக்குள்ள ஒரு அடி ஆழத்துலயாவது இருக்கணும், இல்லேன்னா காத்தை உறிஞ்சி சத்தம் போடும், பலமும் இருக்காது, சத்தத்துல மீனும் போயிடும். முன்பக்க மோட்டாருக்கு நீங்க அளந்ததோட 20 இன்ச்சுக்கு மேல கூட்டிக்கோங்க, அலை அடிக்கிற ஏரின்னா இன்னும் ஒரு 5 இன்ச். உதாரணமா 18 இன்ச் வந்துதுன்னா 20, 5 சேத்து 43, கடைல கிடைக்கிற சைஸ்ல 45 இருந்தாலும் நான் 48-க்குக் கீழ போக மாட்டேன், 52, 54 கிடைச்சா இன்னும் நிம்மதி. நீளம் ஜாஸ்தியா இருந்தா ஷாஃப்டைப் பிடிச்சிருக்குற காலரைத் தளர்த்தி ஷாஃப்டைத் தூக்கி வச்சுக்கலாம், கம்மியா இருந்தா இழுத்து நீட்ட முடியாது. கம்பெனிக்காரன் தன் சார்ட்டை வெப்சைட்லயே போட்டிருப்பான், ஒரு தடவை அதோட ஒத்துப் பாத்துக்கோங்க. பின்பக்கம்னா இவ்வளவு கவலை வேண்டாம், 15 இன்ச் உயர ட்ரான்ஸம் (போட்டோட பின்பக்கப் பலகை) இருக்குற சின்ன போட்டுக்கு 30-லருந்து 36 இன்ச், 20 இன்ச் ட்ரான்ஸம்னா 36-லருந்து 42, அதுக்குள்ள முடிஞ்சுடும்.

த்ரஸ்ட் கணக்கு தெரிஞ்சதுதான், ஆளுங்க சாமான் எல்லாம் சேத்து 100 பவுண்டு எடைக்கு 2 பவுண்டு த்ரஸ்ட். எல்லாம் ஏத்தின 16 அடி போட் 1,500 பவுண்டு வந்தா 30 போதும்னு கணக்கு சொல்லும், ஆனா அது காத்தில்லாத ஏரிக்கு. இங்க 55 போடுங்க. 12 வோல்ட்ல கிடைக்கிறது பொதுவா 55 வரைக்கும்தான், அதுக்கு மேல 70, 80 வேணும்னா 24 வோல்ட், 100-க்கு மேல 36 வோல்ட், அப்ப பேட்டரி ரெண்டு மூணு ஆகுது, அதை எங்க வைப்பீங்கன்னு இப்பவே யோசிங்க.

அட்டை வச்சு ஒத்திகை

முன்பக்க மவுண்டுக்கு ப்ளேட்டோட அளவுல ஒரு அட்டையை வெட்டி, ஓட்டைகளையும் அதுலயே குறிச்சுக்கோங்க (பெட்டில டெம்ப்ளேட் பேப்பரே வரலாம்). அட்டையை டேப் போட்டு ஒட்டிட்டு முன்பக்கத்தைச் சுத்திச் சுத்திப் பாருங்க. கயிறு கட்டுற க்ளீட் இடிக்குதா? சிவப்பு பச்சை லைட்டை மோட்டார் மறைக்குதா? நங்கூரம் வைக்கிற பெட்டியோட மூடி, பிடிச்ச மீனை உயிரோட வைக்கிற லைவ்வெல் தொட்டியோட மூடி முழுசா திறக்குதா? மோட்டாரை மடக்கினா அஞ்சடி நீளத்துக்கு டெக்ல படுத்துக்கும், அந்த அஞ்சடியையும் கணக்குல எடுக்கணும், முன் சீட்டோட கம்பி அந்தப் பாதைல நின்னா மாட்டினப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.

அப்புறம் நிஜ மோட்டாரையே ஒரு துண்டு விரிச்சு அது மேல வச்சு, ஒருத்தர் பிடிச்சுக்க இன்னொருத்தர் இறக்கி ஏத்திப் பாருங்க. இறக்கும்போது கீழ இருக்குற மோட்டார் உருளை போட்டோட விளிம்பு ரப்பர்ல தட்டாம வெளிய போகணும், அதுக்கு ப்ளேட்டோட முன்முனை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கணும். விளிம்பு டெக்கை விட உயரமா இருந்தா ப்ளேட்டுக்கு அடில உயர்த்துற கட்டை வேணும். டெக் ஒரு பக்கமா சரிஞ்சு இருந்தா ஆப்பு மாதிரி ஒரு ஷிம், ஷாஃப்ட் நேர் கீழ நிக்கணும். இறக்கினப்புறம் கையால முழுசா 360 டிகிரி சுத்திப் பாருங்க, ப்ரொப்பெல்லர் போட் உடம்பைத் தொடக் கூடாது, இதை V வடிவ போட்ல கண்டிப்பா பாக்கணும். இதையெல்லாம் ட்ரெய்லர்ல இருக்கும்போது பண்ணினா விஞ்ச் கம்பம் (போட்டை இழுத்து ஏத்துற விஞ்ச் நிக்கிற முன் கம்பம்) குறுக்க வரும், போட்டை ரெண்டடி பின்னாடி தள்ளிக்கோங்க.

விஞ்ச் கம்பம்னதும் இன்னொண்ணு. மோட்டார் மாட்டின பிறகு போட்டை ட்ரெய்லர்ல முழுசா ஏத்தும்போது ப்ளேட்டோட மூக்கு கம்பத்துல இடிக்கும், இல்லேன்னா பிக்கப்போட டெயில்கேட்டைத் திறக்க முடியாது. ராம்ப்ல பத்து பேர் பின்னாடி காத்திருக்கும்போது இதைக் கண்டுபிடிக்கிறது நல்லாவா இருக்கும், வீட்லயே டேப் வச்சுப் பாத்துடுங்க.

அடியில என்ன இருக்கு?

மாட்டுற இடத்தைத் தீர்மானிக்கிறதுல மேல தெரியுற இடத்தை விட அடில இருக்குறதுதான் முக்கியம், இதை யாரும் குனிஞ்சு பாக்குறதே இல்ல. முன்பக்க மோட்டார் 50, 60 பவுண்டு எடை, பெரிய மாடல்னா அதுக்கும் மேல, அது மெல்லிசான அலுமினியத் தகட்டு மேல உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு அலைக்கும் குதிக்கும். வெறும் ஸ்க்ரூ போட்டு முறுக்கினா ஒரு சீசன்ல ஓட்டை எல்லாம் முட்டை வடிவம் ஆகிடும். போல்ட் முழுசா ஊடுருவி, அடில தடிமனான ஒரு ப்ளேட் வச்சு, அகலமான வாஷர், நைலாக் நட்டு, எல்லாம் ஸ்டெயின்லெஸ். குறைஞ்சது நாலு போல்ட், பக்கத்துக்கு ரெண்டு. அடில கை போகுமா, ஸ்பேனர் திரும்புமான்னு பாத்துட்டுத்தான் இடத்தை முடிவு பண்ணணும். கையே போகலேன்னா ரெண்டு இன்ச் நகத்துங்க, அதுக்கும் வழியில்லேன்னா தகட்டுக்கு ரிவ்நட் (மேலிருந்தே ஓட்டைல இறுக்கி வைக்கிற நட்டு), ஆனா அது எனக்கு ரெண்டாம்பட்சம்தான்.

இங்க ஒரு சமாச்சாரம். ஃப்ரிஸ்கோல இருக்குற நம்ம ஆள் ஒருத்தர் 16 அடி பழைய V போட் வாங்கினார், முன்னாடியே ஒரு கட்டை வச்சு மோட்டார் மாட்டி இருந்தது, "சார், வேலை மிச்சம், மோட்டாரை மட்டும் மாத்திடலாம்"னார். குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்தா கட்டை தொட்டுக்கிட்டு இருக்குற இடம் முழுக்க வெள்ளையா பொடி பூத்திருக்கு, விரலால தேய்ச்சதும் உதிருது, அதுக்கு அடில அலுமினியம் புள்ளி புள்ளியா குழி விழுந்து ஒரு இடத்துல குண்டூசி ஓட்டையே தெரியுது. முன்னாடி வச்சிருந்தவர் ஹார்ட்வேர் கடைல கிடைக்கிற பச்சை கலர் ப்ரெஷர் ட்ரீட்டட் மரத்தை வெட்டிப் போட்டிருக்கார். மரம் அழுகாம இருக்க அதுல செம்பு கலந்த மருந்து ஏத்துறாங்க, ஈரம் பட்டா அந்தச் செம்பு அலுமினியத்தை அரிச்சுத் தின்னும். வெளிய கொட்டகை கட்ட நல்ல மரம், அலுமினிய போட்டுக்கு விஷம். அலுமினிய ப்ளேட் போடுங்க, இல்ல ஸ்டார்போர்டுங்கற ப்ளாஸ்டிக் பலகை, மரம்தான் வேணும்னா சாதா மரைன் ப்ளைவுட்டை எல்லா ஓரத்துலயும் எபாக்ஸி பூசி, போல்ட் ஓட்டைக்கு உள்ளயும் பூசி. ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கும் அலுமினியத்துக்கும் கூட அதே மாதிரி பகை உண்டு, நல்ல தண்ணி ஏரில மெதுவா நடக்கும், இருந்தாலும் டெஃப்-ஜெல் மாதிரி ஏதாவது தடவிட்டுப் போடுங்க.

ஃபைபர் போட்னா பிரச்சினை வேற. டிரில்லை முதல்ல ரிவர்ஸ்ல ஓட்டி மேல இருக்குற ஜெல்கோட்டுங்கற பூச்சைத் தேய்ச்சு எடுத்துட்டு, அப்புறம் முன்பக்கமா சுத்தி ஓட்டை போட்டா ஓரம் சில்லு பேராது. ஒவ்வொரு ஓட்டைலயும் மரைன் சீலண்ட், இல்லேன்னா தண்ணி இறங்கி உள்ள இருக்குற மரம் ஊறி அழுகும், வெளிய ஒண்ணுமே தெரியாது.

நேரா மோட்டாரையே போல்ட் பண்ணாம, க்விக் ரிலீஸ் ப்ராக்கெட் ஒண்ணை போட்ல நிரந்தரமா மாட்டிட்டு மோட்டாரை அதுல செருகி எடுக்குற மாதிரி வச்சுக்கோங்க. ரோட்ல திருடு போகாம இருக்கவும் நல்லது, வீட்டுக்குள்ள எடுத்துட்டு வந்து ரிப்பேர் பாக்கவும் நல்லது. ப்ராக்கெட் அரை இன்ச்சோ ஒரு இன்ச்சோ உயரத்தைக் கூட்டும், ஷாஃப்ட் கணக்குல அதையும் சேத்துக்கோங்க.

பேட்டரியும் வயரும்

மோட்டார் முன்னாடி, பேட்டரி பின்னாடின்னா வயர் நீளம். 12 வோல்ட் 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்துல 50 ஆம்ப் கிட்ட இழுக்கும், அவ்வளவு கரண்ட் நீள வயர்ல போகும்போது வழியிலயே வோல்ட் குறைஞ்சு மோட்டார் சோர்ந்து போகும், வயர் சூடாகும். வயர் போற பாதை வளைவு நெளிவோட 15 அடி வந்துதுன்னா 4 கேஜ் தடிமன் தேவை, அந்த வயர் விலை கேட்டாலே பேட்டரியை முன்னாடி நகத்துற எண்ணம் தானா வரும். 24 வோல்ட்ல அதே ஆம்புக்கு அதிக பலம் கிடைக்கும், வோல்ட் இழப்பும் உறைக்காது, பெரிய போட்டுக்கு அதனாலதான் அதுக்குப் போறாங்க.

ஆனா க்ரூப் 27 சைஸ் லெட் ஆசிட் பேட்டரி ஒண்ணு 50, 60 பவுண்டு இருக்கும். சின்ன போட்ல முன்னாடி மோட்டார், முன்னாடி ரெண்டு பேட்டரி, முன்னாடி நீங்கன்னு ஆச்சுன்னா மூக்கு முங்கும், அவுட்போர்டுல போகும்போது அலைக்குள்ள குத்தும். 14 அடி போட்டுக்கு 24 வோல்ட் வேண்டாம்னு நான் சொல்றது இதுக்குத்தான். லித்தியம்னா 100 ஆம்ப்-அவர் பேட்டரி 25, 30 பவுண்டுல முடிஞ்சுடும், காசு இருக்குறவங்க போடுங்க. போட்டோட உள்பக்கம் ஒட்டியிருக்குற கெப்பாசிட்டி ப்ளேட்டைப் பாருங்க, ஆளுங்க, மோட்டார், சாமான் எல்லாம் சேத்து எவ்வளவுன்னு போட்டிருக்கும், ட்ரோலிங் மோட்டாரும் அதோட பேட்டரியும் அந்தக் கணக்குக்குள்ளதான் வருது.

பேட்டரி ப்ளஸ் முனைக்குப் பக்கத்துலயே 60 ஆம்ப் சர்க்யூட் ப்ரேக்கர், இதுல பேரமே கிடையாது, ப்ரொப்பெல்லர்ல தூண்டில் நரம்பு சுத்தி மோட்டார் நின்னு போனா கரண்ட் ஏறி வயர் எரியும். அவுட்போர்டு ஸ்டார்ட் பண்ற பேட்டரில ட்ரோலிங் மோட்டாரைக் கொடுக்காதீங்க, சாயங்காலம் வீட்டுக்கு வரணும்ல. ஃபிஷ் ஃபைண்டரையும் ட்ரோலிங் பேட்டரில சேக்காதீங்க, ஸ்க்ரீன் முழுக்க கோடு கோடா வரும். ஹெடிங் சென்சார் (போட் எந்தத் திசையைப் பாத்திருக்குன்னு காட்டுறது) தனியா வர்ற ஜிபிஎஸ் மாடல்னா அதை இரும்பு, ஸ்பீக்கர், பேட்டரி வயர் இதையெல்லாம் விட்டுத் தள்ளி, அம்புக்குறி போட்டோட நீளவாக்குல முன்னாடி பாக்குற மாதிரி ஒட்டுங்க. கோணல்னா மோட்டார் சொன்ன திசைக்குப் போகாது.

டெக்சஸ்காரங்களுக்கு ஒண்ணு, பெட்ரோல் எஞ்சினே இல்லாம வெறும் எலக்ட்ரிக் ட்ரோலிங் மோட்டார் மட்டும் மாட்டினாலும் அது மோட்டார் போட்தான், பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் கிட்ட ரெஜிஸ்டர் பண்ணி நம்பர் ஒட்டணும். கனூவுக்கும் கயாக்குக்கும் இதேதான்.

எல்லாம் மாட்டி முடிச்சதும் முதல் நாள் மீன் பிடிக்கப் போகாதீங்க. காத்து அடிக்கிற மதியமா பாத்து தண்ணில இறக்கி, காத்துக்கு எதிரா ஒரு ஓட்டம், குறுக்க ஒரு ஓட்டம், ஒரு இடத்துல நிறுத்தி வச்சு ஒரு பத்து நிமிஷம். ப்ரொப்பெல்லர் மேல வந்து காத்தை உறிஞ்சுற சத்தம் கேட்டா காலரைத் தளர்த்தி ஷாஃப்டை இறக்குங்க. அப்புறம் மோட்டாரை மடக்கி ஸ்ட்ராப் போட்டுக் கட்டிட்டு அவுட்போர்டுல வேகமா போய்ப் பாருங்க, தலை ஆடுதா, ப்ளேட் கிறீச்சிடுதா? ஆடுச்சுன்னா ஷாஃப்டுக்கு ஒரு ஸ்டெபிலைசர் தாங்கி தேவை. வீட்டுக்கு வந்ததும் நாலு நட்டையும் மறுபடி முறுக்குங்க, புது ப்ளேட் அமுங்கி உக்காந்திருக்கும், ஒவ்வொண்ணும் கால் சுத்து கண்டிப்பா போகும். ட்ரெய்லர்ல இழுத்துட்டுப் போகும்போதும் அதே ஸ்ட்ராப் கட்டியே இருக்கணும், ஏன்னா ஏரில வாங்குற அடியை விட I-35 பள்ளத்துல அது வாங்குற அடிதான் ஜாஸ்தி.